யசோதினியோடு வந்த நாட்கள்

வருடத்தில் இரண்டு மாதம் சூரியன் லீவு போட்டுவிட்டுப் போகிற வடக்குக் கடலோர ஊர் ஒன்றில், மீன் தொழிற்சாலைக்குப் பின்னால், பனியில் பாதி புதைந்த மூன்று மாடிக் கட்டடங்களில் நாற்பது தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. லொம்விக் என்று அந்த ஊருக்குப் பெயர். யாழ்ப்பாணத்திலிருந்து முதலில் ஒருவர் வந்து, அவர் தன் மச்சானைக் கூப்பிட்டு, மச்சான் தன் சிநேகிதனைக் கூப்பிட்டு, இப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டே நிறைந்த இடம் அது. ஆகையால் அங்கே யார் வந்து நின்றாலும் எப்படி வந்தாய் என்று கேட்கிற பழக்கம் இல்லை, சாப்பிட்டாச்சா என்று கேட்கிற பழக்கம்தான் இருந்தது. இதை முதலே சொல்லிவைப்பது நல்லது, ஏனென்றால் யசோதினி யாழ்ப்பாணத்தில் கழித்த நாட்கள் அவளுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக வந்து கார்த் தரிப்பிடத்தில் இறங்கத் தொடங்கியபோதும் அந்தச் சனம் அப்படித்தான் நடந்துகொண்டது.

யசோதினி இரண்டாவது கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தாள். கல்யாணம் முடித்து, தயாபரனின் மனைவி என்ற விசாவில் வந்தவள். அந்த விசாவுக்கு ஒரு காட், உள்ளங்கை அளவு அட்டை, கொடுத்திருந்தார்கள். அதில் அவளுடைய படம் இருந்தது, பிறந்த திகதி இருந்தது, அவள் இந்த நாட்டில் இருப்பதற்கான காரணம் என்று ஒரு வரி இருந்தது, அந்த வரியில் தயாபரனின் முழுப்பெயர் இருந்தது. தயாபரன் கெட்டவன் இல்லை. மீன் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன், குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான், சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவுவான். அவனிடம் இருந்த ஒரே வியாதி பகிடி. ஊரில் எந்தக் கொண்டாட்டம் என்றாலும் தயாபரன் வந்துவிட்டானா என்று பார்த்துவிட்டுத்தான் ரோல்ஸ் தட்டை வெளியே எடுப்பார்கள். முதல் மாரியில், சம்பலில் உப்புக் கூடிப்போன ஒரு மத்தியானம், வாக்குவாதத்தின் நடுவில் அவன் சொன்னான், "கனக்கக் கதைச்சா ப்ளேனிலை ஏத்திவிட்டிடுவன், காட் என்ரை பேரிலைதான் இருக்கு." சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். பகிடி நன்றாக வந்துவிட்டது என்று பிறகு ஒரு பிறந்தநாள் வீட்டிலும் சொன்னான், தீபாவளி ஒன்றுகூடலிலும் சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள், தேத்தண்ணீர்த் தட்டோடு நின்ற யசோதினியும் சிரித்தாள். அவன் அதை மறந்துவிட்டான். அவள் மறக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு இருந்த ஒரே ஆசை நிரந்தர வதிவிட காட். அந்தக் காட்டில் காரணம் என்ற வரியே கிடையாது.

அதற்கு அந்த நாட்டுச் சட்டம் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று வருடம் இருக்கவேண்டும், மொழிச் சோதனை எழுதவேண்டும், அந்த மூன்று வருடத்துக்குள் நாட்டுக்கு வெளியே நின்ற நாட்கள் எல்லாம் சேர்த்து இருநூற்றுப் பத்தைத் தாண்டக்கூடாது. மொழிச் சோதனையில் அவள் தயாபரனை விட நல்ல புள்ளி எடுத்தாள். மூன்றாம் வருடம் தை மாதத்தில் அக்கா செல்வமலரின் மகளுக்குச் சாமத்தியவீடு, பெரியபிள்ளையான சடங்கு, வந்தது, யசோதினி மூன்று கிழமை டிக்கெட்டில் ஊருக்குப் போனாள், அங்கேதான் கணக்குப் பிழைத்தது. திரும்பவேண்டிய அன்று காலையில் அவள் தயாபரனைக் கூப்பிட்டு, சின்னத்துரை மாமா மோசம் போய்விட்டார், எப்படி விட்டுவிட்டு வருவது என்றாள். செத்தவீடு முடிய முப்பத்தோராம் நாள் கிரியை வந்தது, முப்பத்தோராம் நாள் முடியப் பெரியப்பா மகனுக்குப் பெண் பார்க்கப் போனார்கள், பார்த்த பெண் பிடித்துப்போய்க் கல்யாணம் வந்தது, கல்யாணம் முடியக் கோயில் கொடியேறியது, கொடி ஏறியபிறகு ஊர் எல்லையைத் தாண்டுவதா, தேர் பார்க்காமல் போவதா, தீர்த்தம் ஆடாமல் போவதா. ஒவ்வொரு முறையும் அவள் தொலைபேசியில் இன்னும் ஒரு கிழமை என்றாள். ஒவ்வொரு முறையும் தயாபரன் சரி என்றான். எங்கள் சனத்தின் ஒரு கிழமையை எந்த நாட்டுக் கலண்டரிலும் அடக்க முடியாது என்பது அவனுக்கும் தெரியும்.

கடைசியில் புறப்பட்ட அன்று பின்னேரம் அவள் எல்லோரையும் போல வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்ளும்போது வழக்கமாகச் சொல்கிற அதே வார்த்தையை எல்லோருக்கும் சொன்னாள், "ஒருக்கா எங்கடை பக்கமும் வாங்கோவன்." விசா எடுக்க முடியாதவர்களுக்கும் சொன்னாள், நடக்க முடியாதவர்களுக்கும் சொன்னாள். திரும்பி வந்து அக்காவின் முற்றத்தில் நின்று, கிணற்றையும் முருங்கையையும் ஒரு சுற்றுப் பார்த்து, ஆள் ஒருவரும் இல்லாத அந்த வெறும் முற்றத்துக்கும் வாய் தவறி அதையே சொன்னாள். மரியாதைக்குக் கூப்பிட்டால் வரக்கூடாது என்பது மனிசருக்குத் தெரியும். நாட்களுக்கு அந்தப் பழக்கம் இருக்கவில்லை என்பதுதான் பிற்பாடு லொம்விக் சனம் இந்த விசயத்துக்குச் சொன்ன ஒரே விளக்கம், அதற்கு மேல் ஒருவரும் தலையைப் போட்டு உடைக்கவில்லை.

கார்த்திகை மாதம் மூன்று வருடம் நிறைந்ததும் அவள் விண்ணப்பித்தாள். குடிவரவு அலுவலகத்தில் இங்கெர் என்று ஒரு அலுவலர், நல்ல மனுசி, கடவுச்சீட்டில் இருந்த முத்திரைகளைப் பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு மூன்று தரம் எண்ணினார். மூன்று தரமும் இருநூற்று முப்பத்தொன்றுதான் வந்தது. இருபத்தொரு நாள் கூட. கணக்கு இனித் திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கும், இன்னும் மூன்று வருடம் என்று அவர் வருத்தப்பட்டே சொன்னார். துணைக்குப் போயிருந்த தமிழ்ச் சங்கத் தலைவர் அரசண்ணை, முப்பது வருடமாக ஊருக்கே படிவம் நிரப்பிக் கொடுக்கிறவர், ஆகாயத்தில் பறந்த நேரம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை, ஆகவே போன நாளையும் வந்த நாளையும் கழிக்கவேண்டும் என்று வாதாடினார். அப்படிக் கழித்தாலும் பத்தொன்பது கூட என்றார் இங்கெர். வீட்டுக்கு வந்ததும் தயாபரன் ஆறுதல் சொன்னான், மூன்று வருடம்தானே, கண்ணை மூடித் திறக்க ஓடிவிடும், நான் இருக்கிறேன்தானே என்றான். யசோதினி அரிசியை வழக்கத்தை விடக் கூட நேரம் கழுவினாள்.

அதற்கு அடுத்த கிழமை சூரியன் வழக்கம்போல் லீவில் போனது. போய் மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு, மூன்று கட்டடங்களுக்கும் நடுவிலிருந்த கார்த் தரிப்பிடத்தில், யசோதினி யாழ்ப்பாணத்தில் போய் இறங்கிய முதல் நாள் வந்து இறங்கியது. சரியாக அக்கா வீட்டு முற்றத்தின் அளவுக்கு ஒரு துண்டு வெயில். அதற்கு வெளியே பனியும் இருட்டும் அப்படியே இருந்தன, உள்ளே பனி உருகித் தார் காய்ந்து, கிணற்றடியில் வாளி இறங்குகிற சத்தமும், கோழியைத் துரத்துகிற செல்வமலரின் குரலும், தூரத்தில் பாண் விற்க வருகிற வண்டியின் பாட்டும் கேட்டன. ஆட்கள் ஒருவரும் தெரியவில்லை, சத்தமும் வெயிலும் மட்டும்தான் வந்திருந்தன. வந்த இடத்து நேரத்துக்குத் தன்னை மாற்றிக்கொண்டு, பின்னேரம் ஆறரைக்கு அது மரியாதையாகப் போய்விட்டது. அடுத்த நாள் காலை இரண்டாம் நாள் வந்தது.

முதலில் இறங்கி வந்தவர் மூன்றாவது கட்டடத்துப் பரிமளக்கா. அவர் வெயிலுக்குள் கையை நீட்டிப் பார்த்தார், இது யாருடைய வெயில் என்றோ எதனால் என்றோ ஒரு வார்த்தை கேட்கவில்லை, மேலே போய்ப் பாயையும் மூன்று கிலோ செத்தல் மிளகாயையும் கொண்டுவந்து பரப்பிவிட்டு, நாளைக்கும் இருக்குமா என்று மட்டும் கேட்டார். பதினெட்டு வருடமாக மின் அடுப்பில் மிளகாய் காயவைத்து, மூன்று தரம் தீயணைப்பு வண்டியை வரப்பண்ணியவர் அவர். மத்தியானத்துக்குள் கத்தரிக்காய் வத்தல் வந்தது, மோர்மிளகாய் வந்தது, தலை முழுகிய பெண்கள் கூந்தலை விரித்துக்கொண்டு வந்து இருந்தார்கள், பிறந்த மூன்று மாதக் குழந்தையை எண்ணெய் பூசிக் கொண்டுவந்து கிடத்தினார்கள். கீழ்வீட்டில் தனியாக இருந்த ஊட் என்ற வெள்ளைக்காரக் கிழவர், ஒரு காலத்தில் மீனவர், நாற்பது வருடமாகத் தினமும் வானிலையைக் கொப்பியில் எழுதுகிறவர், சட்டையைக் கழற்றிவிட்டுக் கதிரையைப் போட்டு இருந்து, கொப்பியில் வெளியே சைபருக்குக் கீழே பதினொன்று, கார்த் தரிப்பிடத்தில் இருபத்தெட்டு என்று எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் நெரிசல் தாங்கவில்லை. சங்கம் கூடியது. அரசண்ணை அட்டவணை போட்டார்: ஆறு தொடக்கம் ஒன்பது மட்டும் மிளகாய், ஒன்பது தொடக்கம் பதினொன்று மட்டும் கூந்தல், பிறகு குழந்தைகள், இரண்டு மணிக்குப் பிறகு கிரிக்கெட். கார் வைத்திருந்தவர்கள் தங்கள் இடம் பறிபோனதாகச் சண்டைக்கு வந்தார்கள், பிறகு தங்கள் மனைவிமாரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாலாம் நாள் சாமத்தியவீட்டு நாள். சீர்வரிசை வருகிற மேளமும் பலகாரம் பொரிகிற மணமும் கார்த் தரிப்பிடத்தில் எழும்ப, தட்டோடு வந்து நின்றவர்களுக்கு மணம் மட்டும்தான் கிடைத்தது, அதற்காகச் சிலர் யசோதினியோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் பத்து மணிக்கு மழை கொட்டியது. அது தை மாதத்தில் தப்பிப் பெய்த மழை, மிளகாய் முழுக்க நனைந்துபோனது. பரிமளக்கா படியேறி வந்தார். "அண்டைக்கு மழை பெய்ததெண்டு நீர் முதலே சொல்லியிருக்கக்கூடாதே யசோ?" நியாயமான கேள்விதான். அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் நாளைக்கு எப்படி என்று சனம் அவளிடம் வந்து விசாரித்தது. அவளும் நினைத்து நினைத்து, நாளைக்கு நல்ல வெயில், ஆனால் மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் குப்பை எரிப்பார், உடுப்புக் காயப் போடாதீர்கள் என்று சொல்லுவாள். இதற்கிடையில் ஒரு விசயம் நடந்தது, அதை அவள் மட்டும்தான் கவனித்தாள். அதுவரைக்கும் தயாபரன் பெண்சாதி என்று சொன்ன சனம் இப்போது யசோவின் வெயில் என்றது, யசோவின் மழை என்றது, தொழிற்சாலையில் தயாபரனைக் காட்டி, யசோவின் மனிசன் என்று புதிதாக வந்தவர்களுக்கு அறிமுகம் செய்தது. அவளுக்கு அது இனித்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

யோசனை வந்தது அரசண்ணைக்குத்தான். அவள் வெளியே கழித்த நாட்கள் என்றுதானே கணக்கு, அந்த நாட்கள் இப்போது வெளியே இல்லையே, இங்கேதானே கிடக்கின்றன, இங்கே கிடக்கிற நாளை எப்படி வெளியே எண்ணுவது என்று அவர் நாலு பக்கத்தில் மனு எழுதினார். பதினோராம் நாள் இங்கெர் நேரில் வந்தார். கோட்டைக் கழற்றினார், பிறகு தொப்பியை, பிறகு சப்பாத்தை. பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து இரண்டு ரோல்ஸும் ஒரு தேத்தண்ணீரும் எடுத்துக்கொண்டு, மூக்கு சிவந்துபோய்த் திரும்பினார். வெளியே நின்ற நாட்களைப் பற்றித்தான் சட்டம் சொல்கிறது, உள்ளே வந்துவிட்ட நாட்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று அவர் தலைநகருக்கு எழுதினார். தலைநகரில் இருந்தவர்கள் அந்தக் கடிதத்தோடு வந்த சிவந்த மூக்கின் படத்தைப் பார்த்துவிட்டு, ஆச்சரியமாக இரண்டே நாளில் பதில் போட்டார்கள். விண்ணப்பதாரியின் முன்னிலையில் விடிய வந்து பொழுதுபடப் போன ஒவ்வொரு நாளையும் கழித்துக்கொள்ளலாம். வந்துபோன நாட்களுக்கு ஊட் கிழவரின் கொப்பி போதும். இனி வருகிற நாட்களுக்கு வயதுவந்த ஒருவர் முழு நாளும் கூட இருந்து, அந்த நாளின் வெளிச்சம் போகமுன் சாட்சிக் கையெழுத்து வைக்கவேண்டும். இருபத்தொரு நாள் வந்துசேர்ந்தால் காட் கொடுக்கப்படும்.

சங்கத்தில் கேசரி கிண்டினார்கள். எல்லோரும் யசோதினியைக் கட்டிப்பிடித்தார்கள். அவள் மட்டும் தன் கேசரியைப் பக்கத்தில் நின்ற பிள்ளையின் தட்டில் போட்டாள், ஏனென்றால் அவள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்திருந்தாள். மூன்று கிழமை டிக்கெட். இருபத்தோராம் நாள் என்பது அவள் ப்ளேன் ஏறியிருக்கவேண்டிய நாள். அன்று சின்னத்துரை மாமா சாகவில்லை.

அவர் செத்தது அதற்கு நாலு நாள் கழித்து, தன் பாட்டில், நித்திரையில். அவள் தயாபரனுக்குப் பொய் சொல்லியிருந்தாள். பொய் நாலு நாளில் உண்மையாகிவிட்டதில் அவளுக்கு இருந்த துக்கத்தையும் பயத்தையும் அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. தயாபரன் அந்தப் பொய்யை நம்பிய விதம்தான் அவளை அதிகம் வருத்தியது. மீன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே நாலு நாள் முன்னதாக மரக்கறி சாப்பிடத் தொடங்கினான், முகம் வழிக்காமல் திரிந்தான், பிறகு இணையத்தில் மாமாவின் மரண அறிவித்தல் வந்தபோது, திகதி பிழையாகப் போட்டிருக்கிறீர்கள், என் மனைவி அங்கேயே நிற்கிறா, அவவுக்குத் தெரியாததா என்று அந்த இணையத்தளத்துக்கே கடிதம் எழுதினான். அவர்கள் திருத்தவில்லை என்று இன்றைக்கும் அவர்கள்மேல் அவனுக்குக் கோபம்.

சாட்சிப் பட்டியலை அரசண்ணை எழுதி ஒட்டினார். பதினாலாம் நாள் பரிமளக்கா, பதினைந்து அரசண்ணையே, பதினாறு பாடசாலை வண்டி ஓட்டுகிறவர், இப்படியே போய், கடைசி நாளை வீட்டுக்காரன் முடித்துவைப்பதுதான் முறை என்று இருபத்தொன்றுக்கு நேரே தயாபரன் என்று போட்டிருந்தார். யசோதினி பரிமளக்காவிடம் போய், அந்த நாளை நீங்கள் எடுங்கோவன் என்று கேட்டுப் பார்த்தாள், அவர் முறையை மாற்றக்கூடாது என்றார். தயாபரனுக்கு லீவு கிடைக்காது என்று அரசண்ணையிடம் சொல்லிப் பார்த்தாள், தயாபரன் லீவை முதலே எழுதிக் கொடுத்துவிட்டான். பிறகு அவனிடமே சொல்லிவிடுவது என்று துணிந்தாள். முதல் தரம் சொல்லப் போனபோது அவன் நெஞ்சில் கைபேசியை வைத்துக்கொண்டு சோபாவில் குறட்டை விட்டான். இரண்டாம் தரம், இஞ்சருங்கோ, அந்த இருபத்தோராம் நாள் என்று தொடங்கியபோது, ஓம், அன்றைக்கு வெள்ளைச் சட்டைதான் போடப்போகிறேன், மாமாவின் செத்தவீட்டு நாள் அல்லவா, மரியாதையாக இருக்கவேண்டும் என்றான். அவள் அந்தச் சட்டையை எடுத்துத் தோய்க்கப் போட்டாள். காட்டை விட்டுவிடுவதா என்றுகூட ஒரு மத்தியானம் யோசித்தாள். அன்றைக்கு விடியமுன் அவனையும் கூட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டால் நாள் கழியாது, காட் வராது, பொய்யும் அவன் காதில் விழாது, இன்னும் மூன்று வருடம் அவன் பெயரில் இருக்கலாம். யோசித்து முடிக்கும்போது, இல்லை, இருப்பது என்று முடிவெடுத்தாள்.

இருபத்தோராம் நாள் ஆறு மணிக்கு வந்தது. நல்ல தெளிந்த வெயில். தயாபரன் வெள்ளைச் சட்டையோடு, சாட்சிப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கதிரையில் இருந்தான், யசோதினி பக்கத்துக் கதிரையில் இருந்தாள். பரிமளக்கா மிளகாயைப் பரப்பிக்கொண்டிருந்தார். இன்னும் நாலைந்து பெண்கள், மாமாவை அறியாதவர்கள்கூட, ஒப்பாரி கேட்கும் என்று கண் துடைக்கக் கைலேஞ்சியோடு வந்திருந்தார்கள். ஏழு மணியானது, பறைமேளம் கேட்கவில்லை. ஏழரைக்கு யாரோ பெரிதாகக் காறித் துப்பினார்கள். அந்தச் செருமலைத் தயாபரனுக்குத் தெரியும், அவனுக்குப் பெண் பேசி முடித்தவரின் செருமல் அது.

"பிள்ளை, ப்ளேன் எத்தினை மணிக்கு?" என்றது சின்னத்துரை மாமாவின் குரல்.

"நான் போகேல்லை மாமா" என்றது யசோதினியின் குரல், பக்கத்துக் கதிரையில் இருந்த யசோதினி வாயே திறக்காமல்.

மாமா ஏன் என்றார். வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்த சத்தம் கேட்டது. பிறகு அவளுடைய குரல் சொன்னது, "அங்கை என்ரை பேரிலை ஒண்டுமில்லை மாமா. ஒரு காட் இருக்கு, அதிலையும் அவற்றை பேர்தான். வாய் காட்டினா ப்ளேனிலை ஏத்திவிடுவன் எண்டு சபையிலை சொல்லிச் சிரிக்கிறார். அவர் ஏத்திவிடமுதல் நானே இறங்கி நிக்கிறன்."

பரிமளக்கா மிளகாய்ப் பாயைச் சுருட்டினார். பாதி காயாத மிளகாய், அப்படியே சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, கைலேஞ்சிக்காரரையும் கண்ணால் கூட்டிக்கொண்டு மேலே போய்விட்டார். இருபத்தொரு நாளில் முதல் தரமாக அந்த வெயில் வெறிச்சோடிக் கிடந்தது. மூன்று கட்டடத்திலும் யன்னல்களை மரியாதையாகச் சாத்தினார்கள், சாத்திய யன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள்.

"அப்ப அவனுக்கு என்னெண்டு சொன்னனி?" என்றார் மாமா.

"நீங்கள் மோசம் போட்டியள் எண்டு சொல்லிப்போட்டன் மாமா."

மாமா சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, இருமி முடிய, "சரி, தேத்தண்ணியைப் போடு பிள்ளை, செத்தவனுக்கும் விடாய்க்கும்தானே" என்றார். தேத்தண்ணீர் ஆற்றுகிற சத்தம் கார்த் தரிப்பிடம் முழுக்கக் கேட்டது.

தயாபரன் எழும்பிப் போவான் என்று யசோதினி நினைத்தாள். போனால் நாள் கழியாது என்பதும் அவளுக்குத் தெரியும். அவன் போகவில்லை. எட்டு மணிக்கும் இருந்தான், பத்து மணிக்கும் இருந்தான், மத்தியானம் அவள் விடியவே கொண்டுவந்து வைத்திருந்த சோற்றைச் சாப்பிட்டு, கோப்பையை அங்கேயே கழுவிக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் இருந்தான். வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. பின்னேரம் மாமா வீடு போகிற செருப்புச் சத்தமும் கேட்டு ஓய்ந்தபிறகுதான் வாயைத் திறந்தான்.

"அது பகிடிக்குச் சொன்னது, யசோ."

"பகிடி எண்டு தெரிஞ்சபடியாத்தான் வந்தனான். இல்லாட்டி வந்திருக்கமாட்டன்."

"ஏழு மாசம் கழிச்சு வந்தனி."

"ஓம். பகிடி எண்டு விளங்க அவ்வளவு நாள் எடுத்தது."

அவன் படிவத்தைப் பார்த்தான். சிரிக்கவைக்க ஏதாவது சொல்லலாமா என்று அவன் முகம் ஒருதரம் அசைந்ததையும், வேண்டாம் என்று அடங்கியதையும் அவள் கண்டாள். கல்யாணம் முடித்து அவனை அவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்தது அன்றைக்குத்தான், அவன்மேல் அவளுக்கு அன்பும் வந்தது, கோபமும் போகவில்லை.

"இதிலை நான் கையெழுத்து வச்சா உனக்கு காட் வந்திடும்" என்றான். "பிறகு நீ விரும்பினா எங்கையும் போகலாம்."

"விரும்பினா நிக்கவும் ஏலும்" என்றாள் யசோதினி. "இவ்வளவு நாளும் நான் விரும்பித்தான் நிண்டனானோ எண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒருக்காத் தெரிஞ்சு பாப்பம்."

காட் ஆறு கிழமையில் வந்தது என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடலாம், யன்னலுக்குப் பின்னால் நின்றவர்கள்கூட அதற்குமேல் காத்திருக்கமாட்டார்கள். மிச்ச நாட்களும் ஒன்றும் குறையாமல் வந்துகொண்டிருந்தன, பரிமளக்காவின் மிளகாயும் காய்ந்தது, இருபத்தைந்தாம் நாள் மாமாவின் செத்தவீடு உண்மையாகவே வந்து இறங்கியபோது தயாபரன் இரண்டாம் தரமும் மரக்கறி சாப்பிட்டான், இந்த முறை சரியான திகதியில். ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தப் பின்னேரம் ஆறு மணி தாண்டி, வெயில் முருங்கை இல்லாத இடத்தில் முருங்கையின் நிழலை நீட்டிக்கொண்டிருக்கையில், தயாபரன் பேனையை எடுத்துச் சாட்சியின் பெயர் என்ற இடத்தில் தன் முழுப்பெயரை எழுதினான், முகவரியை எழுதினான், கையெழுத்தையும் வைத்தான். அதற்குக் கீழே இன்னும் ஒரு பெட்டி இருந்தது. விண்ணப்பதாரிக்கு நீர் என்ன முறை என்று அது கேட்டது. வாழ்நாளில் ஆயிரம் படிவத்தில் யோசிக்காமல் நிரப்பிய அந்தப் பெட்டியில் வந்து அவனுடைய பேனை நின்றுவிட்டது. வெளிச்சம் போக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"இதிலை என்னெண்டு எழுத?"

யசோதினி எட்டிப் பார்த்தாள்.

"இப்போதைக்குப் புருசன் எண்டே எழுதுங்கோ" என்றாள்.